பொன்னுரங்கத்தின் கார் கத்தாத நாள்

மேட்டுப்பாளையத்தை விட்டு மலையேறுகிற பாதைகளில் ஒன்றில், பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு ஊர் இருக்கிறது. ஊர் என்றால் நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மாரியம்மன் கோயில், எட்டுக் கடை. இவ்வளவும் ஒரே சரிவில் ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்பதால், மேல் வீட்டில் ஒரு எலுமிச்சம்பழம் கை தவறினால் அது எல்லார் வாசலையும் விசாரித்துவிட்டுத்தான் கீழே பள்ளத்தில் போய் விழும். சமதளம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் கேரம் போர்டு ஒன்றுதான் உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில் வண்டியை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, கியரில் போட்டு, இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தால்தான் நிறுத்தியதாக அர்த்தம். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கல்லு வெச்சியா என்றுதான் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வேன் வந்து நின்றால், மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஆரத்தி, சந்தனம், மற்றதெல்லாம்.

இந்த ஊரில் கார் திருட வருகிறவனுக்குச் சாவி தேவையில்லை. கல்லை நகர்த்தி, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரை எடுத்துவிட்டால் போதும், சத்தமே இல்லாமல் மலையே காரைக் கொண்டுபோய்விடும். இரும்புக்கடை பொன்னுரங்கத்தின் வெள்ளைக் காரை ஒருவன் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அப்படித்தான் ஓட்டிப்போனான், மூன்று வளைவு தாண்டி ஒரு காரட் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டு ஓடியும் போனான். காரைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு வந்த கையோடு பொன்னுரங்கம் துளசிமணியைக் கூப்பிட்டார்.

துளசிமணி ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒன்பதாவது வளைவுக்கும் இருபத்து நாலாவது வளைவுக்கும் நடுவே எந்த வண்டிக்கு விளக்கு எரியவில்லை என்றாலும் அவள்தான் போக வேண்டும். கோயமுத்தூரில் மூன்று வருஷம் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவள். ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுகிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது, எதிரே நிற்பது எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் "இதை எந்தப் புண்ணியவான் பண்ணுனது?" என்று கேட்டுவிடுவாள்.

"கதவுக்கு அலாரம் வெக்கறதுல பிரயோசனம் இல்ல அம்மிணி," என்றார் பொன்னுரங்கம். "ஹேண்ட்பிரேக்குல கையை வெச்சாக் கத்தோணும்."

"வெச்சுடலாமுங்க," என்றாள் துளசிமணி.

ஹேண்ட்பிரேக் லிவரை மேலே இழுத்தால் அதன் அடியில் இருக்கிற சின்ன சுவிட்ச் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கை எரிய வைக்கும், இறக்கினால் விளக்கு அணையும், எல்லாக் காரிலும் இருக்கிற விஷயம்தான். அவள் அந்த சுவிட்சிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து, சாவி இல்லாமலே விளக்கு எரியும்படி பேட்டரியில் கொடுத்து, நடுவில் ரிலே என்கிற சின்ன டப்பா ஒன்றை வைத்து, அலாரத்தோடு சேர்த்தாள். சாவி போடாமல் இறக்கினால், விளக்கு அணைகிற அந்த நொடியில் அலாரம் கத்தும். லிவரை ஏற்றி இறக்கிக் காட்டியபோது ஊர் நாய் ஒன்று பாக்கியில்லாமல் குரைத்தது. பொன்னுரங்கத்துக்கு ரொம்ப சந்தோஷம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கார் கத்தியது. எல்லாரும் ஓடிவந்து பார்த்தால் கல் வைத்த இடத்தில் கல், இழுத்த இடத்தில் லிவர், சிவப்பு விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. காருக்குப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அதே நேரத்தில் எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த குருவம்மாள், தன் கடை மாஸ்டரின் கை பரோட்டா மாவின்மேல் அசையாமல் நின்றதைப் பார்த்தாள். அந்த ஊரில் அவள் கண்ணுக்குத் தப்புவது என்று எதுவும் கிடையாது.

"ஏன்டா, வேலைய உட்டுட்டுப் போயிரலாம்னு இப்பத்தான நெனச்ச?" என்று கேட்டாள்.

மாஸ்டர் வெளிறிப்போய், "ஆமாங்கக்கா," என்றான். தீபாவளி வரைக்கும் இருப்பதாகச் சத்தியம் செய்திருந்தவன் அவன்.

அப்படித்தான் தெரியவந்தது. பதினேழாம் வளைவில் யாராவது தான் பிடித்திருந்த ஒன்றை மனசுக்குள் விடுகிற அந்த நொடியில், பொன்னுரங்கத்தின் கார் கத்தியது. ஏன் என்பதற்கு ஊரார் மூன்று காரணம் சொன்னார்கள். எர்த் ஒயர் மலையில் போய்ப் பட்டிருக்கும் என்றார் ஒருவர், காரட் தோட்டத்தில் கிடந்த அன்றைக்குக் காவல்சாமி கருப்பராயன் ஏறி உட்கார்ந்திருப்பார் என்றார் இன்னொருவர், மூன்றாவது காரணத்தைச் சொன்னவருக்கே அது நினைவில் இல்லை. அதோடு காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை நடந்த அன்றைக்குக் கார் ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை கத்தியது. வாத்தியார் ஜன்னல் வழியே அதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போக, அவருக்காக ஒரு தடவை தனியாகக் கத்தியது. கட்சிக் கிளைச் செயலாளர் ஒருவர் ஒரே மாதத்தில் கட்சி மாறி மாறி மூன்று தடவை கத்த வைத்தார், மூன்றாவது தடவை அவருக்கே வெட்கமாகி அரசியலை விட்டு ஆடு வளர்க்கப் போனார். குடியை விட்டுவிடுவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கார் கத்தியது. அவன் பெண்டாட்டி கேசரி கிண்டி நாற்பது வீட்டுக்கும் கொடுத்தாள், காரின் பானட் மேலும் ஒரு இலையில் வைத்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஒரு சாயங்காலம் சன்னமாக, மற்ற நாளைப்போல் இல்லாமல் சன்னமாகக் கத்தியது, கேட்டவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று யாரோ எழுதிப் போட்டு விசாரிக்க வந்த போலீஸ்காரர், பேனாவைத் திறந்த உடனே கார் கத்தியதும் பேனாவை மூடிக்கொண்டு போனார். மாற்றலுக்கு எழுதிக்கொடுத்தார் என்று அப்புறம் கேள்விப்பட்டோம்.

பொன்னுரங்கம் காரை எடுப்பதையே நிறுத்திவிட்டார், பேட்டரி இறங்காமல் துளசிமணிதான் அவ்வப்போது சார்ஜ் ஏற்றிவைத்தாள். எங்கே போவதானாலும் பஸ்ஸுக்கு நின்றார். கல்யாணம் பேச வருகிறவர்கள், பையனுக்கு வேறு எங்காவது மனசு இருக்கிறதா என்று பார்க்கப் பேச்சு முடியும்வரை அவனைக் காருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்து வளைவுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். கார் கத்தாமல் இருந்தால் தட்டு மாற்றிக்கொண்டார்கள். புருஷன்மார் கடன்பட்டவர்கள் மாதிரி காரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தார்கள், பெண்டாட்டிமார் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கார் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் ஊரில் அத்தனை வீடும் நன்றாக இருப்பதாக அர்த்தமாயிற்று.

எல்லாரையும்விட அதிகமாக அதை நம்பினவள் துளசிமணி. தன் கையால் போட்ட ஒயரிங் ஆயிற்றே.

அவள் புருஷன் தண்டபாணிக்கு ஒரு மினி வேன் இருந்தது. காரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கீழே மண்டிக்குப் போவான், மத்தியானம் திரும்பி வருவான். அதிகம் பேசாதவன், கை நீட்டாதவன், போட்டதைத் தின்று எழுந்துபோகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இதை அவள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். ஒரு நல்ல சொல்லும் சொன்னதில்லை என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கார் கத்த ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளும் மற்றப் பெண்களைப்போலச் சட்டைப்பையைப் பார்க்கிறவளாக, ஏன் நேரமாயிற்று என்று கேட்கிறவளாகத்தான் இருந்தாள். கார் கத்த ஆரம்பித்த பிறகு அந்தக் கவலையெல்லாம் தனக்கு எதற்கு என்று நிம்மதியாகிவிட்டாள்.

தண்டபாணி வாரத்தில் இரண்டு நாள் கீழேயே தங்க ஆரம்பித்தபோது குருவம்மாளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"துளசி, உன்ற ஊட்டுக்காரரக் கீழ சிறுமுகைல பாத்ததா பால் வண்டிக்காரன் சொன்னான். கையில பலகாரப் பொட்டலம் வெச்சிருந்தாராம்."

"பொட்டலந்தான வெச்சிருந்தாரு? கார் கத்துச்சுங்களாக்கா?"

"கத்துல."

"அப்பறம் என்னத்துக்குங்க வெசனம்?" என்று துளசிமணி சிரித்துக்கொண்டே ஒரு ஹாரன் ஒயரைச் சுரண்டினாள். குருவம்மாள் காரைத் திரும்பிப் பார்த்தாள். கார் அங்கேதான் நின்றது, எல்லாரும் பார்க்க, வாயை மூடிக்கொண்டு.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில், ஊரே கடைவீதியில் இருந்த நேரத்தில், தண்டபாணி இரண்டு பையில் துணிமணியை அடைத்து வேனில் வைத்தான். சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைக் காலால் தள்ளினான். துளசிமணியின் கடை வாசலுக்கு வந்தான். அவள் ஒரு ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தாள்.

"துளசி, நான் போறேன்," என்றான். "இனி கீழயே இருந்துக்கறேன். மேல வர மாட்டேன்."

அவள் தலையை வெளியே எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். எதிரே இரும்புக்கடை வாசலில் நின்ற காரைத்தான் பார்த்தாள். கார் கத்தவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வேல நேரத்துல வெளையாட்டு," என்று சிரித்தாள். "வரும்போது ரெண்டு ஃபியூஸு வாங்கிட்டு வாங்க. பத்து ஆம்ப்ஸ்."

அவன் வேனை நோக்கித் திரும்பினான். அவள் மறுபடியும் ஜீப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். வேன் கிளம்பி வளைவு வளைவாக இறங்கிப்போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது, அதைக் கேட்டபடியே அவள் ஒரு ஒயரை அளவு பார்த்து வெட்டினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், ஊர் கேட்க நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

ஃபியூஸ் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பால் வண்டிக்காரன்தான் வந்து சொன்னான், சொல்ல முடியாமல் சொன்னான். சிறுமுகையில் தண்டபாணிக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு பையனும் இருக்கிறான், மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். துளசிமணி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். மூன்றாம் வகுப்பு என்றால் எட்டு வயசு. அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மறுபடியும் எண்ணினாள், அதே ஆறு, அதே எட்டு.

துளசிமணி அன்றைக்குக் கடை திறந்தபடியே கிடக்க வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். ஊரோ வேறு காரணத்துக்காகக் கொதித்தது. புருஷன் பெண்டாட்டியை விட்டுப் பட்டப்பகலில் போகிறான், அதற்குக் கத்தாத கார் வேறு எதற்குக் கத்தும்? அந்தக் காரை நம்பித்தானே ஏழு கல்யாணம் முடிந்தது, அந்தக் காரை நம்பித்தானே நாற்பது வீட்டிலும் கேள்வி கேட்காமல் சோறு போட்டார்கள்? மறுநாள் காலை எல்லாரும் காரைச் சுற்றி வந்து நின்றார்கள், குருவம்மாள் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றாள், துளசிமணியைக் கூட்டிவர ஆள் போயிற்று.

அவள் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லேம்பும் ஸ்குரு டிரைவருமாக வந்தாள். அழுது வீங்கின முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பொன்னுரங்கம் அவளைத் தனியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். நல்ல மனுஷன் அவர். "அம்மிணி, எங்கியாச்சும் எலி கடிச்சிருக்கும். ஒயரு அந்து போயிருக்கும். பாத்துட்டு அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்லீரு. உனக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒயர் அறுந்திருந்தால், தண்டபாணி அவளைப் பிடித்திருந்தான், இப்போதுதான் விட்டான், கார்தான் சொல்லத் தவறிவிட்டது என்று ஆகும். ஊருக்கும் எலியோடு வேலை முடிந்துபோகும், புது ஒயர் போட்டால் பழையபடி நிம்மதியாக இருக்கலாம்.

கார் கதவைத் திறந்து, சீட்டைத் தள்ளி, தரையில் மல்லாந்து படுத்து, லிவரின் உறையைக் கழற்றினாள். சுவிட்ச் சுத்தமாக இருந்தது. ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு வருஷத்துக்கு முன் அவள் சுற்றின டேப் ஒரு சுற்று பிரியவில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்த இடத்திலெல்லாம் எரிந்தது. ரிலே டிக்கென்று சொன்னது. எலி அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. தன் வேலை இவ்வளவு சரியாக இருந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவை அவளுக்கு அழுகை வந்தது.

படுத்த வாக்கில் அந்த லிவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுத்த லிவர் இறங்கினால்தான் விளக்கு அணையும், அணைந்தால்தான் அலாரம். இழுக்காமலே நிறுத்தின வண்டியாக இருந்தால்? விளக்கே எரிந்திருக்காது. எரியாத விளக்கு எப்படி அணையும்? ஆறு வருஷம் அவன் இவள் வீட்டில் சோறு தின்றான், தூங்கினான், காய்ச்சலுக்கு இவள் கையால் கஞ்சி குடித்தான், இவள் சிரித்தபோது பக்கத்தில் இருந்தான். ஒரு நாள், கார் கத்த ஆரம்பித்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவளைப் பிடித்திருந்தான் என்றால், அதை விட்ட நாளில் இந்தக் கார் கத்தியிருக்கும். ஒரு தடவை கூடக் கத்தவில்லை. அந்த அமைதியைத்தான் அவள் இரண்டு வருஷமாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஏமாந்தது கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஏமாந்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தோமே என்பதுதான் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

ஒயர் அவள் விரலுக்கு நடுவில் இருந்தது. நகத்தால் ஒரு இழு இழுத்தால் அறுந்துவிடும். எலி என்று சொல்லிவிடலாம். வெளியே நாற்பது வீடும் அந்த எலிக்காகக் காத்திருந்தது.

உறையைத் திரும்ப மாட்டி, ஸ்குருவை முடுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"ஒயரிங்ல ஒரு தப்பும் இல்லீங்க," என்றாள்.

"அப்பறம் ஏன் கத்துல?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மேல இழுத்து வெச்ச லிவரு எறங்கினாத்தானுங்க கத்தும். மொதல்ல இருந்தே எறங்கிக் கெடந்துச்சுன்னா, அது எதுக்குக் கத்தும்?"

பெண்களுக்கு உடனே விளங்கிற்று, ஆண்களுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. கூட்டத்தில் ஒருத்தி தன் புருஷன் தோளிலிருந்து கையை எடுத்தாள். இன்னொருத்தி, போன தை மாசம் அந்தக் காருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேர்ந்தெடுத்த தன் மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வருஷமாக நல்ல சேதி என்று நினைத்திருந்த அத்தனை அமைதியையும் ஒவ்வொருவரும் மனசுக்குள் எடுத்து வேறு மாதிரி புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குருவம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எங்கூட்டு நெலமை என்னங்கறே? இத்தன நாளா அது கத்தாம இருந்துச்சே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா. நான் ஒயருதான் போட்டேன்."

"எலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லடி, பாவி!"

"சொல்லியிருக்கலாமுங்க," என்றாள் துளசிமணி. "எலி கடிக்கலீங்களே."

குருவம்மாளுக்குக் கோபம் இடம் மாறிற்று, நெஞ்சு கெட்டவள் அல்ல அவள். துளசிமணியின் கையை இறுக்கிப் பிடித்து, "சரி, தொலையறான். அந்த நாய உட்டுத் தள்ளு கண்ணு. அவனெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள்.

"உட்டுட்டேனுங்கக்கா," என்றாள் துளசிமணி. கூட்டத்துக்கே கேட்கும்படி, கழுத்து நரம்பு தெரிய, இன்னொரு தடவை சொன்னாள். "இந்தா, இப்பவே உட்டுட்டேன். எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்ததும் ஊர் மொத்தமும், அவள் உட்பட, காரைத் திரும்பிப் பார்த்தது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு லாரி கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது, அதுவும் அடங்கிற்று. குருவம்மாள் பிடித்த கையை விடவில்லை. பத்து எண்ணுகிற நேரம் போயிற்று, இருபது எண்ணுகிற நேரம் போயிற்று. கார் கத்தவில்லை. துளசிமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள் இறுகிப்போன லிவர் ஒன்றைப் பிடித்து இறக்கிப் பார்க்கிறவள்போல நின்றாள். அப்போதும் கத்தவில்லை.

பொன்னுரங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"பேட்டரி எறங்கியிருக்கும் அம்மிணி."

துளசிமணி கண்ணைத் திறந்தாள். டெஸ்ட் லேம்பின் ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"இல்லீங்க," என்றாள். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது."